பசை என்று பெயர் வைத்தார்கள்

மலர்க் குழுவினர் எமது அணியிடம் கட்டுரை ஒன்று கேட்டபோது, விடுதி நினைவுகள், இல்ல விளையாட்டுப் போட்டி, மாமர நிழல் என்று எழுதப் பலர் இருக்கிறார்கள் என்பதால் நாம் வேறொன்றை எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டோம். எழுதுவது மூளையைப் பற்றியும் முண்ணாணைப் பற்றியும் என்றாலும், தொடக்கம் எமது விலங்கியல் ஆய்வுகூடத்தில்தான்.

நாம் 1981இல் உயர்தர விஞ்ஞான வகுப்பில் இருந்தோம். போர்மலின் மணக்கும் அந்த அறையில், தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசியால் குத்தி வைத்துவிட்டு, ரீச்சர் சொல்லச் சொல்லக் குறிப்பு எழுதுவோம். நரம்புக் கலத்துக்கு நான்கு பக்கமும் ஒரு படமும். கிளியாக் கலங்களுக்கு ஒரே ஒரு வரி: நரம்புக் கலங்களைத் தாங்குவன, போசிப்பன. நாமும் எழுதினோம். பரீட்சையில் அது வரவில்லை. மறந்தும் போனோம்.

எமது வகுப்புத் தோழி ஒருத்தி, யன்னலோர வாங்கில் இருந்தவள், 1995இல் செல் துண்டு பட்டுக் காயமடைந்தாள். ஒரு துண்டு இடது முன்கையில். இன்னொன்று முதுகில். கையில் அறுந்த நரம்பைச் சத்திரசிகிச்சை நிபுணர் தைத்துவிட்டார். ஒரு வருடத்துக்குள் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வந்து, பிறகு சூடும் குளிரும் தெரியத் தொடங்கின. இன்று அந்தக் கையால் பூ வேலை தைக்கிறாள். கால்கள் இரண்டும் அன்று இருந்தபடியே இருக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டுச் சிகிச்சை நிலையம் ஒன்றின் விளம்பரத் தாள் அவளுடைய உறவினர் மூலமாக வந்தது. ஸ்ரெம் கலங்களை முதுகில் ஏற்றினால் நடக்கலாம் என்று படங்களோடு போட்டிருந்தார்கள். ரொறன்ரோவில் இருந்தவர்களும் இலண்டனில் இருந்தவர்களும் கொழும்பில் இருந்தவர்களுமாக நாம் உடனே காசு சேர்க்கத் தொடங்கிவிட்டோம். அவள்தான் தொலைபேசியில் மறித்தாள். “காசு பிறகு அனுப்பலாம். என்ர கை திரும்பி வந்திட்டுது. கால் ஏன் வரேல்லை? ரெண்டும் நரம்புதானே? நீங்கள் எல்லாரும் விலங்கியல் படிச்சனீங்கள், அதைச் சொல்லுங்கோடி முதல்.”

எம்மில் இருவர் வைத்தியர்கள், ஒருவர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒருவருக்கும் ஒழுங்கான பதில் வாயில் வரவில்லை. தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க அந்த ஒரு வரிக் குறிப்புக்கே திரும்பித் திரும்பி வந்தோம்.

கிளியா என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் பசை. மூளையில் நரம்புக் கலங்களுக்கு இடையில் நிறைந்து கிடந்த பொருளுக்கு நியூரோகிளியா என்று 1856இல் பெயர் வைத்தவர் ஜேர்மனிய நோயியல் அறிஞர் ருடொல்ஃப் வீர்ஷோ. அவர் பயன்படுத்திய ஜேர்மன் சொல் யன்னல் கண்ணாடியை இறுக்க வைப்போமே, அந்தப் புட்டியைக் குறிப்பது. பெயர் அப்படி அமைந்ததால் வந்த கேடு நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது என்பது எமது எண்ணம். ஆனால் வீர்ஷோவைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 1858இல் பேர்லினில் வைத்தியர்களுக்கு அவர் ஆற்றிய விரிவுரைகளில், மூளையில் நோய் வரும்போது மாற்றங்கள் அடிக்கடி தோன்றும் இடம் இந்தப் பசைதான், ஆகவே இதைக் கவனியுங்கள் என்றே கேட்டிருந்தார். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

பார்ப்பதற்கு வழியும் இருக்கவில்லை. மூளை இழையத்தை அப்படியே நுணுக்குக்காட்டியில் வைத்தால் கலங்கிய பால் போலத்தான் தெரியும். 1873இல் இத்தாலியில், தீராத நோயாளருக்கான வைத்தியசாலை ஒன்றின் சமையலறையை ஆய்வுகூடமாக மாற்றி வைத்திருந்த கமிலோ கொல்ஜி, பொற்றாசியம் இருகுரோமேற்றில் ஊறவைத்த மூளைத் துண்டை வெள்ளி நைத்திரேற்றில் இட்டபோது, ஆயிரக்கணக்கான கலங்களில் ஒன்றிரண்டு மட்டும் கிளை நுனி வரை கரிக்கோட்டுச் சித்திரமாக எழுந்து நின்றன. கிளியாக் கலங்கள் சிலவற்றின் கால்கள் குருதிக் குழாய்களில் ஊன்றியிருப்பதைக் கண்டு, இவைதான் நரம்புக் கலங்களுக்கு ஊட்டம் கொண்டு போகின்றன என்றார் அவர். எமது குறிப்பில் ‘போசிப்பன’ என்று இருந்தது அந்தச் சமையலறையில் இருந்து வந்தது. நட்சத்திர வடிவில் இருந்தபடியால் ஹங்கேரியரான லென்ஹொசேக் இவற்றுக்கு 1890களில் அஸ்ரோசைற் என்று பெயரிட்டார். நாம் இங்கே நட்சத்திரக் கலம் என்றே எழுதுகிறோம்.

தோழியின் கேள்வி உண்மையில் மட்றிட் நகரில் கேட்கப்பட்டது. கேட்டவர் சந்தியாகோ ரமோன் இ கஹால். 1906இல் கொல்ஜியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். (மேடையில் ஒருவர் கொள்கையை மற்றவர் மறுத்தே பேசினார்கள். எமது விவாத அணிக்குப் பிடித்திருக்கும்.) கஹால் பூனைக்குட்டிகளிலும் முயல்களிலும் நாய்க்குட்டிகளிலும் நரம்புகளை வெட்டி, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் என்ன நடக்கிறது என்று பார்த்தார். கை, கால்களுக்குப் போகும் நரம்பை வெட்டினால் நரம்புநாரின் நுனி தடித்து, வழி தேடி, வெட்டைக் கடந்து வளர்ந்தது. முண்ணாணை வெட்டினாலும் நார்கள் முளைவிட்டன. இதுதான் முக்கியம், முளைவிடாமல் இருக்கவில்லை. சிறிது தூரம் வந்து, தடுமாறி, வீங்கி, நின்றுவிட்டன. இவற்றையெல்லாம் தொகுத்து 1913, 1914ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக அவர் வெளியிட்ட பெருநூலை அச்சிடக் காசு சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆர்ஜென்ரீனாவில் குடியேறி இருந்த ஸ்பானிய வைத்தியர்கள். வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் காசு சேர்த்து அனுப்பும் பழக்கம் எமக்கு மட்டும் உரியதல்ல என்று அதை வாசித்த நேரம் சிரித்துக்கொண்டோம்.

அந்த ஆய்வுகூடத்தில் பெண்களும் இருந்தார்கள் என்பதை நாம் வெகு பிந்தித்தான் அறிந்தோம். லோரா ஃபோர்ஸ்ரர் சிட்னியில் பிறந்தவர், சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் மருத்துவம் படித்தவர், ஒக்ஸ்போர்டில் வைத்தியம் பார்த்தவர். ஐம்பது வயதைக் கடந்த பின் மட்றிட் போய், கஹாலின் வெள்ளி முறையைக் கற்று, பறவைகளின் முண்ணாண் காயப்பட்டால் நார்கள் எப்படிச் சிதைகின்றன என்பதை ஆராய்ந்து 1911இல் தன் பெயரிலேயே வெளியிட்டார். பிறகு போர்முனைகளுக்குப் போய்விட்டார். பால்கன் போர், அதன்பின் முதலாம் உலகப் போர். 1917 பெப்ரவரியில் கலீசியாவில் காயக்காரரைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்திலேயே நோயுற்று இறந்தார். இன்னொருவர் மனுவேலா செர்ரா. ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்த இவர், தவளை முண்ணாணின் கிளியாக் கலங்களில் உள்ள நுண்ணார்களைப் பற்றி 1921இல் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். நாம் குண்டூசியால் குத்தி வைத்த அதே தவளை. அவருடைய பெயரை எமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தவர்களுக்கும் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

முளைவிட்ட நார் ஏன் நின்றது? கஹாலின் மாணவர் பிரான்சிஸ்கோ தெல்லோ 1911இல் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார். முயலின் காலில் இருந்து நரம்புத் துண்டொன்றை எடுத்து அதன் மூளையின் மேற்பட்டைக்குள் நட்டார். வளராது என்று எண்ணப்பட்ட மூளை நார்கள் அந்தத் துண்டுக்குள் நுழைந்து வளர்ந்தன. குறை விதையில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்றல்லவா இதற்குப் பொருள்! ஆனால் இதை மீண்டும் உறுதியாகக் காட்ட எழுபது வருடம் எடுத்தது. மொன்றியலில் சாமுவேல் டேவிட்டும் அல்பேர்ட் அகுவாயோவும் எலிகளின் மூளைத் தண்டுக்கும் முண்ணாணுக்கும் இடையில் கால் நரம்பைப் பாலமாக வைத்துத் தைத்தபோது, மத்திய நரம்புத் தொகுதியின் நார்கள் அந்தப் பாலத்துக்குள் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் வளர்ந்தன. அது வெளிவந்த ஆண்டு 1981. நாம் அந்த ஒரு வரியைக் கொப்பியில் எழுதிய ஆண்டு.

தோழியின் கைக்கு என்ன நடந்தது என்பதை இனிச் சொல்லலாம். கையின் நரம்பில் துணைக் கலங்களாக இருப்பவை சுவான் கலங்கள். நார் அறுந்தவுடன் அவை தாம் சுற்றி வைத்திருந்த மயலின் கவசத்தைத் தாமே உடைத்து, பெருகி, வரிசை கட்டி நின்று, வளர்ச்சிப் பொருட்களைச் சுரந்து, புதிய முளைக்கு வழி காட்டுகின்றன. குருதியில் இருந்து வரும் தின்குழியங்கள் குப்பையைச் சில வாரங்களில் கூட்டி அள்ளிவிடும். நார் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். முன்கையில் இருந்து விரல் நுனிக்கு ஒரு வருடமளவில் வந்து சேரும், வந்து சேர்ந்தது. முண்ணாணில் சுவான் கலம் இல்லை. அங்கே துணைக் கலங்கள் வேறு, அவற்றின் நடத்தையும் வேறு.

அந்த வேறு கலங்களைக் கண்டவர் கஹாலின் கூடத்தில் இருந்து துரத்தப்பட்ட ஒருவர். பியோ டெல் ரியோ ஓர்த்தேகா, தனது வெள்ளிக் காபனேற்றுச் சாயத்தால் 1919இல் மைக்குரோகிளியாவையும் 1921இல் ஒலிகோடென்ரோகிளியாவையும் பிரித்துக் காட்டினார். இவையிரண்டையும் சேர்த்து ‘மூன்றாவது மூலகம்’ என்று ஒரே பொதியாகக் கட்டி வைத்திருந்தவர் கஹால். மாணவன் பொதியை அவிழ்த்தது ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. கூட இருந்தவர்களின் கோளும் சேர்ந்துகொள்ள, 1920இல் ரியோ ஓர்த்தேகா வெளியேற்றப்பட்டார். பெரிய அறிவாளிகளின் கூடங்களிலும் இவை நடக்கும்.

அவர் சொன்னது இது. அமைதியான மூளையில் மைக்குரோகிளியா மெல்லிய கிளைகளை விரித்துக்கொண்டு இருக்கும். ஊசியால் குத்திக் காயப்படுத்தினால் கிளைகளை உள்ளே இழுத்து, உருண்டு, காயத்தை நோக்கி நகர்ந்து, சிதைந்ததை விழுங்கும். சாயமேற்றிய இறந்த துண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தே இந்த அசைவை அவர் ஊகித்தார். உயிருள்ள சுண்டெலி மூளையில் அதை நேரே பார்த்தது 2005இல். இரண்டு ஆய்வுக் குழுக்கள் லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சில நிமிடங்களுக்குள் சுற்றியிருந்த மைக்குரோகிளியாக்கள் யாவும் தம் கிளைகளை அந்தப் புள்ளிக்கு நீட்டி அதை மூடிக் கட்டிவிட்டன. அமைதி என்று எண்ணிய நேரத்திலும் அவற்றின் கிளைகள் ஓயாமல் அசைந்து தடவிக்கொண்டே இருந்தன என்பதும் அப்போது தெரியவந்தது. இவை மூளைக்கு வெளியே பிறந்து முளையப் பருவத்தில் குடியேறியவை என்று அவர் சொன்னதும் 2010இல் உறுதியாயிற்று. மஞ்சட்கருப் பையில் இருந்து வருகின்றன. ரியோ ஓர்த்தேகாவுக்கு இவை ஒன்றும் தெரிய வாய்ப்பிருக்கவில்லை. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் 1936இல் மூண்டபின் நாட்டைவிட்டு வெளியேறி, பரிஸ், ஒக்ஸ்போர்ட் என்று அலைந்து, 1945இல் புவனஸ் அயர்ஸில் காலமானார். போகும் இடமெல்லாம் சாயக் குப்பிகளோடு மறுபடி தொடங்கினார் என்பதை வாசித்தபோது, பெட்டிகளோடு இடம்பெயர்ந்த எமது ஆசிரியைகள் நினைவுக்கு வந்தார்கள்.

1924இல் அவரிடம் சாயமுறை கற்க வந்தவர் வைல்டர் பென்ஃபீல்ட். பின்னாளில் மொன்றியலில் புகழ்பெற்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். தலையில் காயம்பட்டு ஆறியவர்களுக்கு வருடங்கள் கழித்து வலிப்பு ஏன் வருகிறது, அந்தத் தழும்பில் என்ன இருக்கிறது என்பதே அவர் அறிய விரும்பியது. தழும்பு என்ற சொல் அதன்பின் ஆட்சி செலுத்தத் தொடங்கியது. நட்சத்திரக் கலங்கள் காயத்தைச் சுற்றி வீங்கி, பெருகி, கைகோத்துச் சுவர் எழுப்புகின்றன. இந்தச் சுவர்தான் நாரை மறிக்கிறது, உடைத்தால் நார் போகும் என்று பலர் நம்பினார்கள். அதற்கு ஆதாரமும் சேர்ந்தது. 1990இல் சூரிச்சில் லீசா ஷ்னெல்லும் மார்ட்டின் சுவாப்பும், ஒலிகோடென்ரோசைற் செய்யும் மயலினில் உள்ள தடைப் புரதங்களைப் பிறபொருளெதிரியால் அடைத்தபோது எலியின் முண்ணாண் நார்கள் சில வெட்டைத் தாண்டி வளர்ந்தன. 2002இல் இலண்டனில் எலிசபெத் பிராட்பெரியும் குழுவினரும், தழும்பில் சேரும் சர்க்கரை கலந்த புரதங்களை ஒரு நொதியத்தால் கரைத்து, எலிகள் ஓரளவு நடை மீளச் செய்தார்கள். மனிதரில் அதே பயன் இன்னும் கிட்டவில்லை.

இதற்கு முன்னரே, 1961இல், மேரி பஞ்சும் கணவர் ரிச்சர்ட் பஞ்சும் அமெரிக்காவில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்து, வளர்ந்த பூனையின் முண்ணாணில் இழந்த மயலின் மீண்டும் போடப்படுகிறது என்று காட்டியிருந்தார்கள். அதாவது முண்ணாண் ஒன்றும் செய்யாமல் கிடக்கவில்லை. அறுந்த நாரை வளர்க்காவிட்டாலும், அறாமல் தோலுரிந்த நாருக்கு உடுப்புத் தைக்கிறது.

சுவரை உடைக்கலாமா என்ற கேள்விக்கு விடை வந்தபோது எதிர்பாராத பக்கத்தில் இருந்து வந்தது. கலிபோர்னியாவில் மைக்கல் சொஃப்ரோனியூவின் குழு, பெருகி வரும் நட்சத்திரக் கலங்களைச் சுண்டெலிகளில் அழித்துப் பார்த்தது. 2004இல் அவர்கள் கண்டது: காயம் ஆறவில்லை, பரந்தது. குருதியில் இருந்து வந்த அழற்சிக் கலங்கள் நல்ல இழையத்துக்குள்ளும் புகுந்து அழித்தன, தப்பியிருக்க வேண்டிய நரம்புக் கலங்கள் இறந்தன, எலிகள் மேலும் முடமாயின. 2016இல் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். தழும்பை அகற்றினால் நார் வளரவில்லை. தழும்பு இருக்கும்போதே வளர்ச்சிப் பொருள் கொடுத்தால் நார்கள் அதனூடாகவே வளர்கின்றன. நூறு வருடமாக எதிரி என்று சுட்டப்பட்ட சுவர், வெள்ளம் ஊருக்குள் வராமல் மறித்த அணைக்கட்டாகவும் இருந்திருக்கிறது. தடையும் பொய்யல்ல. ஷ்னெல்லும் பிராட்பெரியும் கண்டதும் உண்மைதான். ஒரே கலம் இரண்டையும் செய்கிறது.

2017இல் பென் பரசின் குழு, காயத்தில் விழிப்புற்ற மைக்குரோகிளியா சுரக்கும் மூன்று பொருட்கள் நட்சத்திரக் கலங்களை நரம்புக் கலங்களுக்கு நஞ்சாக மாற்றவும் கூடும் என்று காட்டியது. கிளியாவுக்காகவே வாழ்ந்த பரஸ், நாற்பது வயது கடக்கும்வரை பெண்ணாக வாழ்ந்தவர். மாணவப் பருவத்தில் வகுப்பில் வேறு எவரும் தீர்க்காத கணக்கைத் தீர்த்தபோது, உமது காதலன் செய்து தந்திருப்பான் என்று பேராசிரியர் சொன்னதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். நல்ல கலம், கெட்ட கலம் என்று இரண்டாகப் பிரித்த அவரது குழுவின் பெயர்களை உலகம் உடனே பிடித்துக்கொண்டது. 2021இல் பிரான்சின் கரோல் எஸ்கார்த்தானை முதலாசிரியராகக் கொண்டு பல நாட்டு அறிஞர்கள் கூடி எழுதியபோது, இப்படி இரண்டாகப் பிரிப்பது போதாது, காயத்துக்குக் காயம், நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் இந்தக் கலங்கள் வேறுபடுகின்றன என்றார்கள்.

ரீச்சர் சொல்லி நாம் நம்பியிருந்த இன்னொன்று, மூளையில் கிளியா நரம்புக் கலங்களைவிடப் பத்து மடங்கு என்பது. பிரேசிலின் சுசானா எர்குலானோ-ஹௌசல் குழு 2009இல் எண்ணிப் பார்த்தது. நரம்புக் கலங்கள் ஏறத்தாழ 86 பில்லியன், மற்றவை எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய அதேயளவுதான்.

இவ்வளவையும் எழுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை எமது குழுவில் தோழிக்கு வாசித்துக் காட்டினோம். முழுதாக அறுந்த மனித முண்ணாணை இணைத்து நடக்கவைக்கும், நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்று எவரிடமும் இல்லை என்பதையும், அவளுடைய காயத்தின் விளிம்பில் அன்றைக்கே கட்டப்பட்ட அந்தத் தழும்புதான் சேதத்தை மேலே ஏறவிடாமல் மறித்திருக்கக்கூடும் என்பதையும் எம்முள் வைத்தியராக இருப்பவள் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவள் கேட்டாள், “அப்ப அந்த விளம்பரக்காரர் எந்தக் கலத்தை, எந்தக் கலத்துக்குப் பக்கத்தில, என்னத்துக்கு வைக்கப் போறினமாம்?” நிலையத்துக்கு அதையே எழுதிக் கேட்டோம். கட்டண விபரம் மட்டும் மறுபடியும் வந்தது.

சேர்த்த காசை என்ன செய்வது என்று அவளிடமே விட்டோம். தனக்கு ஒரு நல்ல காற்று மெத்தை வேண்டும் என்றாள், படுக்கைப் புண் வராமல் இருக்க. மிகுதிக்கு, பிரார்த்தனை மண்டபத்தின் ஐந்து படிகளுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும்படி சாய்வுப்பாதை ஒன்று கட்டச் சொன்னாள். அது சென்ற மாதம் முடிந்தது. கைபிடிக் கம்பிக்கு இன்னும் வர்ணம் பூச வேண்டியிருக்கிறது. நூற்றாண்டு விழா அன்று காலை எட்டு மணிக்கு அவள் வருகிறாள்.